பெர்ஃப்யூம் விளம்பரம் ஆண்-பெண் வேஷத்த வெச்சு எப்படி விளையாடுதுன்னு கண்டுபிடிக்கறது எப்படி

முதல்ல சவுண்ட ஆஃப் பண்ணிடுங்க. ஏதாவது ஒரு பெர்ஃப்யூம் விளம்பரம், உங்களுக்கு பிடிச்சதோ பிடிக்காததோ, யூடியூப்ல எடுத்து வெச்சு மியூட்ல ஓட விடுங்க. மியூசிக் போனாலே பாதி மயக்கம் போயிடும், அப்புறம் கண்ணு முன்னாடி மிஞ்சறது ரெண்டு மூணு உடம்பு, ஒரு பாட்டில், யாரு நடக்கறாங்க யாரு சாஞ்சு கெடக்கறாங்கங்கறது, அவ்வளவுதான். நான் பல வருஷமா இந்த விளம்பரங்கள இப்படித்தான் பாத்துட்டு வரேன், பாத்தத ஒரு நோட்டுல எழுதியும் வெச்சிருக்கேன். அந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்துச்சோ அதே வரிசைல இங்க சொல்றேன், நீங்களும் பண்ணிப் பாக்கலாம்.

மத்த விளம்பரத்த எல்லாம் விட்டுட்டு ஏன் பெர்ஃப்யூம்னு கேட்டா, ஷாம்பூன்னா முடிய காட்டலாம், காருன்னா ஓட்டி காட்டலாம், பெர்ஃப்யூமுக்கு மட்டும் காட்ட ஒண்ணுமே இல்ல. வாசனை திரைல வராது. பாட்டிலுக்குள்ள இருக்கறது ஆல்கஹால்ல கரைச்ச எண்ணெய்யும் கெமிக்கலும்தான், அத க்ளோசப்ல காட்டினா தண்ணி மாதிரி இருக்கும். அதனால விளம்பரம் எடுக்கறவங்க வாசனைக்கு பதிலா ஒரு ஆள காட்டறாங்க, இத போட்டா நீ இந்த மாதிரி ஆம்பள ஆயிடுவ, இந்த மாதிரி பொண்ணா ஆயிடுவன்னு. சரக்க காட்ட முடியாத எடத்துல ஆண்-பெண் வேஷமே சரக்கா மாறிடுது, வேற எந்தப் பொருளோட விளம்பரத்துலயும் இது இவ்வளவு பச்சையா தெரியாது.

பாட்டிலுக்குள்ள என்ன இருக்குன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

இது கொஞ்சம் வரலாறு, ஆனா தாண்டிப் போயிடாதீங்க, ஏன்னா தண்ணிக்கு ஆண் பெண் கிடையாதுன்னு மூக்கால நம்பினாத்தான் விளம்பரம் என்ன வேலை பண்ணுதுன்னு கண்ணுக்கு தெரியும்.

1709ல ஜெர்மனில கொலோன் நகரத்துல ஃபாரினா கம்பெனி ஆரம்பிச்சாங்க, அவங்களோட ஓ த கொலோன்ங்கற லேசான வாசனைத் தண்ணிய ஆம்பள பொம்பள வித்தியாசம் இல்லாம எல்லாரும் போட்டாங்க, நெப்போலியன் கொலோன தண்ணி மாதிரி செலவு பண்ணவர். 1882ல ஊபிகான் கம்பெனிக்காக பால் பார்கே ஃபூஜேர் ராயல்ங்கற பெர்ஃப்யூம பண்ணாரு, ஃபூஜேர்னா பெரணிச் செடி, பெரணிக்கு சொல்லிக்கற மாதிரி வாசனையே கிடையாது, லாவெண்டர், ஓக் மர பாசி, அப்புறம் கூமரின்ங்கற செயற்கை மூலப்பொருள், இதெல்லாம் சேத்து இல்லாத ஒரு வாசனைய அவரு கற்பனை பண்ணாரு. அந்தக் கற்பனைதான் அடுத்த நூறு வருஷத்துல ஷேவிங் க்ரீம், சலூன், அப்பாவோட கன்னம்னு "ஆம்பள வாசனை"யா மனசுல உக்காந்துச்சு. 1889ல வந்த கெர்லான் கம்பெனியோட ஜிக்கிங்கற பெர்ஃப்யூம ஆணும் போட்டாங்க பெண்ணும் போட்டாங்க.

இன்னும் ரெண்டு சொல்றேன். ஓல்ட் ஸ்பைஸ்னு சொன்னதும் உங்களுக்கு தாடி, கப்பல், கடல்னுதான தோணும்? 1937ல ஷுல்டன் கம்பெனி முதல்ல அந்தப் பேர்ல கொண்டுவந்தது பெண்களுக்கான சரக்கு, ஆண்களுக்கானது அடுத்த வருஷம் 1938லதான் வந்துச்சு. அப்புறம் 1966ல எட்மண்ட் ருட்னிட்ஸ்கா டியோர் கம்பெனிக்காக பண்ண ஓ சோவாஜ், பேருக்கே "காட்டுத்தண்ணி"ங்கற மாதிரி அர்த்தம் வரும், ஆம்பளைங்களுக்குன்னு வித்தது, அதோட உயிர் எதுலன்னா ஹெடியோன்ங்கற ஒரு மூலக்கூறுல, அது மல்லிகையோட குடும்பம். மல்லிகைய விளம்பரத்துல எப்பவும் பொண்ணோட கழுத்துலதான வெப்பாங்க, இங்க அது ஒரு முரட்டுப் பேருக்குள்ள ஒளிஞ்சு உக்காந்திருக்கு. இந்த ஒளிவுமறைவ மனசுல வெச்சுக்கோங்க, கீழ இதுக்கு திரும்பி வரணும்.

மியூட்ல பாக்கும்போது எதப் பாக்கணும்

கை. முதல்ல கைய மட்டும் பாருங்க. 1970கள்ல எர்விங் காஃப்மன்ங்கற சமூகவியலாளர் நூத்துக்கணக்கான விளம்பரப் படங்கள அடுக்கி வெச்சு ஆராய்ச்சி பண்ணாரு, அவரு கவனிச்சதுல ஒண்ணு, படத்துல ஆண் ஒரு பொருள பிடிக்கறான், இறுக்கமா, அத வெச்சு ஏதோ வேலை பண்ணப் போறவன் மாதிரி, பெண்ணோ அதே பொருள விரல் நுனியால வருடறா, தொட்டும் தொடாம. பெர்ஃப்யூம் விளம்பரத்துல இத நீங்க பத்து நிமிஷத்துல சரிபாக்கலாம். அந்தப் பாட்டில் அவ கன்னத்துலயோ தோள்லயோ சாஞ்சிருக்கும், அவன் கைலயோ அது கருவி மாதிரி இருக்கும். அப்புறம் அவரு சொன்ன இன்னொண்ணு தலை சாய்ப்பு, படுத்திருக்கறது, பார்வை எங்கயோ தொலைஞ்சு போயிருக்கறது, அந்த எடத்துலயே இல்லாத மாதிரி ஒரு முகம். பெண்ண அப்படி எத்தன தடவ காட்டறாங்க, ஆண எத்தன தடவ காட்டறாங்கன்னு ஒரு பேப்பர்ல கோடு போட்டு எண்ணுங்க. எண்ணாம பாத்தா "ஆமா ஓரளவு இருக்கு"ன்னு விட்டுடுவோம், எண்ணினா மனசுக்கு உறைக்கும்.

அடுத்து யாரு செயல் பண்றாங்க, யாருக்கு அது நடக்குது. 2008ல வந்த பாக்கோ ரபான் ஒன் மில்லியன் விளம்பரத்துல அவன் விரல சொடுக்கறான், சொடுக்க சொடுக்க ஒவ்வொண்ணா நடக்குது, பணம் வருது, பொண்ணோட ட்ரெஸ் கழலுது, பாட்டில் தங்கக் கட்டி வடிவத்துல இருக்கு. ஒரு விரல் சொடுக்குலயே மொத்த அதிகாரத்தயும் அடக்கிட்டாங்க. இத எதிர்த்து கத்தணும்னு நான் சொல்லல, ஆனா அந்த விரல் ஒரு பொண்ணோட விரலா இருந்திருந்தா அடுத்த ஷாட் என்னவா இருந்திருக்கும்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

சில விளம்பரம் இந்தக் கணக்க தலைகீழா போடற மாதிரி தெரியும். 1990ல ஜான் போல் கூத் ஷனேலோட எகோயிஸ்ட்டுக்கு எடுத்த விளம்பரத்துல ஒரு பெரிய கட்டடத்தோட ஜன்னல் எல்லாத்தயும் பெண்கள் படார்னு திறந்து "சுயநலக்காரா"ன்னு கத்தறாங்க, மூடறாங்க, திரும்ப திறந்து கத்தறாங்க, ஆண் கண்ணுல படறதே இல்ல, கடைசில அவனோட கை மட்டும் வந்து பாட்டில பால்கனி விளிம்புல வெக்குது. பாக்க எவ்வளவு அழகான படம் தெரியுமா, எனக்கு இன்னிக்கும் பிடிக்கும். ஆனா கணக்கு போட்டுப் பாத்தா? அத்தன பெண்களும் கோபப்படறாங்க, குரல் கொடுக்கறாங்க, எல்லாம் யாருக்காக? காணாமலே இருக்கற ஒருத்தனுக்காக. ஃப்ரேம் முழுக்க பெண்கள் இருந்தும் கதை அவனோடது. அதனால தலை எண்ணிக்கைய வெச்சு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க.

யாரு கடன் வாங்கறாங்க, யாரு அத மறைக்கறாங்க

எனக்கு ரொம்ப முக்கியமான எடம் இதுதான், இத பிடிச்சுட்டா மீதி எல்லாம் தானா அவிழும்.

பெர்ஃப்யூம் விளம்பரம் ஆண்-பெண் வேஷத்த வெச்சு விளையாடும்போது எப்பவும் ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்கு எதையாவது கடன் வாங்குது. நான் பாத்த வரைக்கும், பெண் ஆண்கிட்ட இருந்து வாங்கினா விளம்பரம் அத கொண்டாடும், சுதந்திரம்னு பேர் வெக்கும். ஆண் பெண்கிட்ட இருந்து வாங்கினா விளம்பரம் அத மறைக்கும், ஒரு சாக்கு தேடும்.

பெண் வாங்கறதுக்கு ஆரம்பத்துலயே உதாரணம் இருக்கு. 1919ல கரோன் கம்பெனி தபா ப்லோன் கொண்டு வந்தாங்க, தோல் வாசனையும் புகையிலை வாசனையும், அப்போ பொதுவுல சிகரெட் பிடிக்க ஆரம்பிச்ச பெண்கள மனசுல வெச்சு பண்ணது. அப்புறம் 1973ல ரெவ்லானோட சார்லி. பேரே ஆம்பள பேரு, கம்பெனிய நடத்தின சார்ல்ஸ் ரெவ்சன் பேர்ல இருந்து வந்தது, விளம்பரத்துல ஷெல்லி ஹாக்ங்கற மாடல் பேண்ட் போட்டுக்கிட்டு நீட்டமா எட்டு வெச்சு நடந்து வராங்க. அந்த நடையத்தான் பாக்கணும். அதுக்கு முன்னாடி பெர்ஃப்யூம் விளம்பரத்துல பெண் பெரும்பாலும் காத்திருப்பா, யாரோ வருவாங்கன்னு, யாரோ பரிசா பாட்டில கொடுப்பாங்கன்னு. சார்லி பொண்ணு தன் காசுல தானே வாங்கறவ. அது சும்மா கருணைல வந்த மாற்றம் இல்ல, பெண்கள் வேலைக்கு போய் சம்பளம் வாங்க ஆரம்பிச்சதும் கம்பெனிக்கு புதுசா ஒரு வாடிக்கையாளர் கெடச்சாங்க, அவங்கள நேரா பாத்து பேச வேண்டி வந்துச்சு.

அஞ்சே வருஷம். 1978ல சார்ல்ஸ் ஆஃப் த ரிட்ஸ் கம்பெனியோட என்ஜோலி வந்துச்சு. அதே வேலைக்கு போற பெண், ஆனா இப்ப அவ கோட்டு சூட்டுல காச காட்டறா, அடுத்து வாணலிய தூக்கறா, அடுத்து பளபளன்னு கவுன்ல வந்து நிக்கறா, சம்பாதிக்கவும் செய்வேன் சமைக்கவும் செய்வேன் உன்ன ஆம்பளையா உணரவும் வெப்பேன்னு பாட்டு. 24 மணி நேரப் பெண்ணுக்கு 8 மணி நேர பெர்ஃப்யூம்னு டேக்லைன். நான் இத முதல் தடவ பாத்தப்போ அசந்து போயிட்டேன், உற்சாகமான பாட்டு, அந்தப் பொண்ணு முகத்துல அவ்வளவு தெம்பு. ரெண்டாவது தடவ பாக்கும்போதுதான் வலிச்சுச்சு. கடன் வாங்கின ஆபீஸ் வேலைய அவ தோள்ல ஏத்தினாங்க, பழைய வேலை எதையும் இறக்கி வெக்கல. வீட்டுல எத்தன பெண்கள் இந்த விளம்பரத்துல இருக்கறமாதிரியே மூணு வேஷத்தயும் ஒரே நாள்ல போடறாங்க, யாரும் பாட்டு போடறதில்ல அவங்களுக்கு. அதனால ஒரு விளம்பரம் "புதுமைப் பெண்"ண காட்டினா நீங்க கேக்க வேண்டியது, புதுசா என்ன சேந்துச்சுங்கறத விட, பழசுல எது கழிஞ்சுச்சுன்னு.

இப்ப ஆண் பக்கம். ஆண் வாசனை போட்டுக்கறதே ரொம்ப நாளா ஒரு சங்கடமான விஷயமா இருந்துச்சு, 20ஆம் நூற்றாண்டோட விளம்பரங்கள்ல முக்கியமா. அதுக்கு முதல் சாக்கு சவரம். ஆஃப்டர் ஷேவ்னு சொல்லிட்டா அது அலங்காரம் இல்ல, பிளேடு பட்ட தோலுக்கு மருந்து மாதிரி, எரியணும் வேற, எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு நம்பிக்கை. ரெண்டாவது சாக்கு வார்த்தை, அமெரிக்கால ஆண் போடறது பெர்ஃப்யூம் இல்ல, கொலோன். மூணாவது சாக்கு படம், கப்பல், குதிரை, பாலைவனம், மோட்டார் பைக், குத்துச்சண்டை.

நாலாவதா ஒரு சாக்கு, நான் ரொம்ப மதிக்கறது, மிகைப்படுத்தல். 1995ல ஜான் போல் கோத்தியேங்கற ஃபேஷன் டிசைனரோட லே மேல், ஃப்ரான்சிஸ் குர்க்ஜான் பண்ணது. பாட்டில் தல கை இல்லாத ஒரு ஆம்பள உடம்பு, நல்லா கட்டுமஸ்தா, மாலுமி போடற கோடு போட்ட பனியனோட. உள்ள இருக்கறது லாவெண்டர், புதினா, அதோட நிறைய வெனிலா. வெனிலா 1925லயே கெர்லானோட ஷாலிமார்ல பெண்களோட கவர்ச்சிக்குன்னு வித்த வாசனை, அது இப்ப மாலுமி பனியனுக்குள்ள. லாவெண்டர் பழைய சலூன், வெனிலா பழைய நாயகி, ரெண்டும் ஒரே உடம்புல. அதுவும் அந்த மாலுமிங்கற உருவம் ஓரினச் சேர்க்கையாளர்கள் மத்தியில ரொம்ப காலமா ஆசையோட பாக்கப்பட்ட ஒண்ணு, கோத்தியேவுக்கு அது நல்லாவே தெரியும், அவரு தன்ன மறைச்சுக்காம வாழறவரு. ஒரே பாட்டில் ஒருத்தருக்கு "பலசாலி ஆம்பள", இன்னொருத்தருக்கு "எங்க ஆளு". ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல பேசுது, யாரையும் ஏமாத்தல. அவரோடதே 1993ல வந்த பெண்களுக்கான பாட்டில் கார்செட் போட்ட பெண் உடம்பு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா ஆண் உடம்பும் ஒரு உடுப்பு, பெண் உடம்பும் ஒரு உடுப்புன்னு தெரியும். வேஷத்த வேஷம்னு காட்டிட்டு விளையாடறது எனக்கு பிடிக்கும், வேஷத்த இயற்கைன்னு சொல்லி விக்கறதுதான் பிரச்சனை.

இத வெச்சு நீங்க பண்ண வேண்டியது, ஒரு விளம்பரத்த பாத்ததும் அந்த பெர்ஃப்யூம்ல என்னென்ன நோட், அதாவது தனித்தனி வாசனை, இருக்குன்னு தேடிப் பாத்து விளம்பரத்தோட சேத்து வெச்சு படிங்க. ஆண் பாட்டில்ல பூவோ வெனிலாவோ இருக்கா? அப்ப விளம்பரத்துல அதப் பத்தி ஒரு ஜாடையாவது இருக்கா, இல்ல பாலைவனமும் ஓநாயும்தான் இருக்கா? பெண் பாட்டில்ல தோலோ புகையிலையோ மரமோ இருக்கா? அத தைரியம்னு காட்டறாங்களா? கடனும் சாக்கும் எங்க இருக்குன்னு கோடு போட்டு இணைச்சுப் பாத்தா அந்த விளம்பரத்தோட எலும்புக்கூடு தெரிஞ்சிடும்.

இப்ப சவுண்ட போடுங்க

யாரு யார்கிட்ட பேசறாங்க? பாட்டில போடப்போறவங்களும் விளம்பரம் பேசற ஆளும் எப்பவும் ஒருத்தரே இல்ல. 2012ல ஷனேல் நம்பர் 5க்கு முதல் தடவையா ஒரு ஆண முகமா போட்டாங்க, ப்ராட் பிட். 1921ல இருந்து பெண்கள் போடற பெர்ஃப்யூம், அதுக்கு கருப்பு வெள்ளைல ஒரு ஆண் நின்னு தனியா பேசறாரு, யாரையோ நெனச்சு. பெண்ண திரைல இருந்து எடுத்துட்டதால பாக்கறவ தானே அந்த எடத்துல போய் நிக்கணும்னு திட்டம். பாட்டில் பெண்ணோடது, ஆனா அவ யாருன்னு சொல்ற குரல் ஆணோடது. புதுமைன்னு பேசினாங்க, எனக்கு அப்படி தோணல, பழைய காதல் கடிதம்தான் அது.

2010ல ஓல்ட் ஸ்பைஸ் இத வேற மாதிரி பண்ணாங்க, அது பெர்ஃப்யூம் இல்ல பாடி வாஷ், இருந்தாலும் இந்தப் பேச்சுக்கு அத விட்டுட முடியாது. இசையா முஸ்டாஃபாங்கற நடிகர் துண்டோட நின்னுக்கிட்டு ஆம்பளைங்கள விட்டுட்டு பெண்களப் பாத்து வணக்கம் சொல்றாரு, உங்க ஆள பாருங்க என்னப் பாருங்கன்னு, பாத்ரூம்ல இருந்து படகு, படகுல இருந்து குதிரைன்னு போயிட்டே இருக்காரு. ஏன் பெண்கள்கிட்டன்னா வீட்டுல ஆம்பளைக்கு பாடி வாஷ் வாங்கிட்டு வர்றது நிறைய எடத்துல பெண்கள்தான்னு கம்பெனிக்கு தெரியும். ஆண ஒரு காட்சிப்பொருளா நிறுத்தி பெண்ண பாக்கறவளா வெச்சதுல ஒரு நல்ல தலைகீழ் இருக்கு. ஆனா சொல்ற விஷயம் என்ன? உங்க ஆளு பெண்களோட வாசனை வர்ற பாடி வாஷ விட்டுடணும்ங்கறது. பாவனை தலைகீழ், கட்டளை பழசு. இந்த மாதிரி வடிவம் ஒரு பக்கம் போக வார்த்தை இன்னொரு பக்கம் இழுக்கறத கவனிக்க கத்துக்கிட்டா நிறைய விளம்பரம் புரியும்.

வார்த்தைகள்ல பேரும் சேத்தி. ஆண் பாட்டில் பேர்கள எழுதுங்க, சோவாஜ், இன்விக்டஸ், பாஸ், எகோயிஸ்ட், காட்டுத்தனம், தோக்காதவன், முதலாளி, சுயநலக்காரன். பெண் பக்கம் ஜடோர், லா வி எ பெல், மிஸ் டியோர், நேசிக்கிறேன், வாழ்க்கை அழகானது, ஒரு செல்வி. ஒரு பக்கம் பட்டம், இன்னொரு பக்கம் உணர்ச்சி. விதிவிலக்கு நிறைய இருக்கு, ஆனா கடைல ஒரு அலமாரிய படிச்சாலே சாயல் தெரியும். பல பிராண்டுல ஆணோடதுக்கு மட்டும் "ஆணுக்கு"ன்னு தனியா எழுதியிருக்கும், பெண்ணோடது வெறும் பேரோட நிக்கும், இன்னும் அந்தச் சங்கடம் போகலங்கறதுக்கு அதுவே சாட்சி.

மாத்திப் போட்டுப் பாருங்க

இது எல்லாருக்கும் தெரிஞ்ச டெக்னிக், ஆண் எடத்துல பெண்ணையும் பெண் எடத்துல ஆணையும் வெச்சு கற்பனை பண்றது. ஆனா நிறைய பேர் இத பாதில விட்டுடறாங்க, "ரெண்டு பேரையும் அப்படித்தான காட்டறாங்க"ன்னு சொல்லிட்டு. உடம்ப மட்டும் மாத்தினா போதாது, பார்வையையும் மாத்தணும்.

ஒரே பிராண்ட எடுத்துக்கலாம், ஈவ் சான் லோரான், அத ஆரம்பிச்ச டிசைனரோட பேரும் அதுதான். 1971ல தன்னோட முதல் ஆண் பெர்ஃப்யூமுக்கு அவரே துணியில்லாம போட்டோவுக்கு உக்காந்தாரு, ஜான்லூ சீஃப் எடுத்தது, மூக்குக் கண்ணாடி மட்டும் போட்டிருப்பாரு. 2000ல அதே பிராண்டோட ஓப்பியம்ங்கற பெண் பெர்ஃப்யூம் விளம்பரத்துக்கு சோஃபி டால்ங்கற மாடல், ஸ்டீவன் மைசெல் எடுத்தது, அவங்களும் துணியில்லாம, நகையும் செருப்பும் மட்டும், மல்லாந்து படுத்து கண்ண மூடியிருப்பாங்க. பிரிட்டன்ல அது பெரிய பேனரா தெருவுல வந்ததும் 900க்கும் மேல புகார், விளம்பரத் தர அமைப்பு பேனர எடுக்கச் சொல்லிடுச்சு. 2002ல எம்7ங்கற அவங்க ஆண் பெர்ஃப்யூம் வந்தப்போ, டாம் ஃபோர்ட் அங்க டிசைனரா இருந்த காலத்துல, ஒரு ஆண முழு நிர்வாணமா காட்டினாங்க, பல பத்திரிகைல அத வெட்டிச் சின்னதாக்கித்தான் போட்டாங்க.

மூணும் நிர்வாணம்தான், சமமான்னு கேட்டா, முதல் படத்துல அந்த ஆள் அந்தக் கம்பெனிக்கே பேர் கொடுத்தவரு, கண்ணாடி வழியா உங்களத்தான் பாக்கறாரு, தன் உடம்ப தானே முடிவு பண்ணி கொடுக்கறாரு. ஓப்பியம் படத்துல கண்ணு மூடியிருக்கு, அவங்க பாக்கல, பாக்கப்படறாங்க. இதுலயும் ஒரு எதிர்வாதம் இருக்கு, நியாயமானதுதான், அந்தப் பெண் தன் சுகத்துல தானே மூழ்கியிருக்கா, பாக்கறவனுக்காக இல்லன்னு சொல்றவங்க உண்டு. அந்த வாதத்த நான் தள்ளிவிடல. ஆனா அவ்வளவு பெரிய பேனர்ல, தெருவுல போறவங்க தலைக்கு மேல, அந்தத் தனிமை அவகிட்ட மிச்சம் இருந்துச்சான்னா, இல்லன்னுதான் எனக்கு படுது. எங்க ஒட்டறாங்கங்கறதும் விளம்பரத்தோட பாகம்.

பார்வைய நெஜமாவே மாத்தின ஒண்ணு பாக்கணும்னா 2016ல ஸ்பைக் ஜோன்ஸ் கென்ஸோ வேர்ல்டுக்கு எடுத்தது. மார்கரெட் குவாலி பச்சை கவுன்ல ஒரு விருந்து ஹால்ல மரியாதையா சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க, எழுந்து வெளிய வராங்க, தனியா ஆனதும் உடம்பு வெடிக்குது, முகத்த கோணலாக்கறாங்க, மூச்சு வாங்கறாங்க, கைகால் போன போக்குல ஆடறாங்க. கழுத்த ஸ்லோமோஷன்ல காட்டறது இல்ல, ஆண் யாரும் வந்து பாத்து ரசிக்கறது இல்ல, முகம் அழகா இருக்கணும்ங்கற கவலையே அந்தப் படத்துல இல்ல. ஒரு பெண் அசிங்கமா முகத்த வெச்சுக்க அனுமதி கெடச்ச பெர்ஃப்யூம் விளம்பரம் எத்தன இருக்கு, விரல் விட்டு எண்ணுங்க.

யூனிசெக்ஸ்னு சொன்னா

1994ல கால்வின் க்ளைன் சிகே ஒன் வந்தப்போ ஸ்டீவன் மைசெலோட கருப்பு வெள்ளைப் படங்கள்ல ஒரு கூட்டமே நின்னுச்சு, மாடல் கேட் மாஸும் அதுல, ஆணும் பெண்ணும் ஒரே ஜீன்ஸ், ஒரே பனியன், பாட்டில் சாதாரண ஃப்ளாஸ்க் மாதிரி. பெரிய மாற்றம், சந்தேகமே இல்ல. இருந்தாலும் இந்த வகைய பாக்கும்போது ஒரு கேள்வி கேளுங்க, பொதுன்னு சொல்லி எந்தப் பக்கத்துல இருந்து எதக் கழிச்சிருக்காங்க? பெரும்பாலும் பூவும், இனிப்பும், பிங்க் கலரும், நகையும் போயிருக்கும், பேண்டும் எலுமிச்சை வாசனையும் மிஞ்சியிருக்கும். எல்லாருக்கும் பொதுவானதுன்னு சொல்லிட்டு பெண்ணோடத மட்டும் கழிச்சா அது பாதி வழிதான். ஒரு ஆண் கவுன்லயோ பூவுக்கு நடுவுலயோ சாதாரணமா நிக்கற யூனிசெக்ஸ் விளம்பரம் கெடச்சா அத பத்திரமா சேத்து வைங்க.

விளையாட்டு எங்க நிக்கணும்

இத சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா இங்க ரசிக்க ஒண்ணும் இல்ல. ஆக்ஸ் 1983ல ஃபிரான்ஸ்ல வந்தது, யூனிலீவரோடது, பல வருஷம் ஸ்ப்ரே அடிச்சதும் பெண்கள் ஓடி வர்றதுதான் கதை, 2006ல ஒரு கடற்கரைல ஒருத்தன நோக்கி பெண்கள் படையாவே ஓடி வருவாங்க. பெண்ணோட விருப்பம்ங்கறது ஒரு கெமிக்கல் ரியாக்ஷன்னு பையன்களுக்கு சொல்லிக்கொடுத்த மாதிரி ஆச்சு. 2016ல அதே பிராண்ட் ஹீல்ஸ் போட்டு ஆடற ஆண், பெரிய மூக்கு இருக்கறவன், பூனைக்குட்டிய கொஞ்சறவன்னு மாத்திக்கிட்டாங்க. ஆனா 2022 ஜூன்ல இந்தியால லேயர் ஷாட் டியோடரண்ட் விளம்பரம் கூட்டுப் பலாத்கார பயத்தயே சிரிப்பாக்கின மாதிரி வந்து, தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் யூடியூப்லயும் ட்விட்டர்லயும் எடுக்கச் சொன்னாங்க. பிரிட்டன்ல 2019 ஜூன் 14ல இருந்து ஆணுன்னா இப்படி பெண்ணுன்னா இப்படிங்கற தீங்கு பண்ணக்கூடிய பாலின வார்ப்புகள விளம்பரத்துல காட்டக்கூடாதுன்னு விதியே இருக்கு. உங்க கண்ணுல அப்படி ஒண்ணு பட்டா நான் வெச்சிருக்கற அளவுகோல் ஒண்ணுதான், அந்தப் பெண் வேண்டாம்னு சொல்ல அந்தக் கதைல எடம் இருக்கா? இல்லன்னா விளம்பரத்த ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, எங்க எப்போ வந்துச்சுன்னு எழுதி, இந்தியான்னா ஏஎஸ்சிஐங்கற விளம்பரத் தர அமைப்புக்கு புகார் அனுப்புங்க, அனுப்ப அஞ்சு நிமிஷம் போதும்.

கடைசியா மூக்குக்கு வேலை

இத தனியா பண்ண முடியாது, ஒரு ஃப்ரெண்ட் வேணும். அவங்க ஆறு பெர்ஃப்யூம தேர்ந்தெடுக்கட்டும், ஆண் அலமாரில மூணு, பெண் அலமாரில மூணு, ஒவ்வொண்ணையும் ஒரு பேப்பர் ஸ்ட்ரிப்ல அடிச்சு பின்னாடி எண் மட்டும் போட்டு உங்ககிட்ட கொடுக்கட்டும், பாட்டில் உங்க கண்ணுல படக்கூடாது. ஆல்கஹால் பறக்க ஒரு நிமிஷம் விட்டுட்டு மோந்து பாருங்க, அரை மணி கழிச்சு திரும்ப மோந்து பாருங்க, ஏன்னா முதல்ல வர்ற எலுமிச்சை மாதிரி வாசனை போனப்புறம்தான் உள்ள இருக்கறது வெளிய வரும். ஒவ்வொண்ணுக்கும் மனசுல வந்த ஆள எழுதுங்க, வயசு, உடுப்பு, எங்க நிக்கறாங்க, என்ன பண்றாங்க, ஆணா பெண்ணா. நான் இத பண்ணப்போ ஓ சோவாஜ மோந்துட்டு மழை நின்ன தோட்டத்துல நிக்கற ஒரு பொண்ணுன்னு எழுதினேன், அத ஆம்பளைங்க அலமாரில இருந்து எடுத்ததா ஃப்ரெண்ட் சொன்னப்போ ரொம்ப நேரம் அந்த ஸ்ட்ரிப்பையே பாத்துட்டு இருந்தேன். அதுக்கப்புறம் அந்த ஆறு பெர்ஃப்யூமோட விளம்பரத்தயும் பாருங்க, மியூட்ல முதல்ல, சவுண்டோட அப்புறம், நீங்க எழுதின ஆளும் அவங்க காட்டற ஆளும் எங்க பிரியறாங்கன்னு பக்கத்துலயே குறிச்சு வைங்க, ஸ்ட்ரிப்ப தூக்கிப் போட்டுடாதீங்க, ராத்திரி முழுக்க வெச்சுட்டு காலைல அடில மிச்சம் இருக்கறத மோந்து பாத்து ஆணா பெண்ணாங்கற கேள்விக்கு திரும்ப ஒரு தடவ பதில் எழுதுங்க.